ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரில் தேடியது

செப்டம்பர் வந்தால் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று தங்க நிற ரிப்பனோடு சுவரொட்டிகள் வரும். பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம்." இந்த வரியோடு எனக்கு நெடுநாளாக ஒரு பிணக்கு. பொய் என்று தள்ளவும் முடியவில்லை, சரி என்று தலையாட்டவும் மனம் வரவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், வைரஸ் தொற்றியதிலிருந்து புற்றாக மாறுவதற்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் எந்தப் படியிலும் பிடித்து நிறுத்தலாம். அந்த நோய்க்கு இந்த வாசகம் அச்சாகப் பொருந்தும். இரண்டு வயதுக் குழந்தைக்கு வரும் கட்டிக்குப் பத்து வருட முன்கதை இருக்க வழியில்லை. கருவில் சிறுநீரகமாகவோ அட்ரினல் சுரப்பியாகவோ விழித்திரையாகவோ முதிர்ந்திருக்க வேண்டிய உயிரணுக்கள் முதிராமல் பெருகிக்கொண்டே போவதுதான் இந்தக் கட்டிகளில் பலவற்றின் பிறப்பு. அவற்றின் குணம் பெரும்பாலும் முதல் நாளே முடிவாகிவிடுகிறது.

வாசகம் முழுக்கப் பலிக்கும் இடமும் உண்டு. விழித்திரைப் புற்று, அதாவது ரெட்டினோபிளாஸ்டோமா. கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்வரை குழந்தை பிழைப்பது ஏறக்குறைய உறுதி. பார்வை நரம்பு வழியே மூளைப் பக்கம் நகர்ந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரிந்தாலோ, திடீரென்று மாறுகண் வந்தாலோ, அந்த வாரமே கண் மருத்துவரிடம் போய்ச் சொட்டு மருந்து விட்டு, மணியை விரித்து, விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் கண்ணுக்குப் பொருந்தும் நியாயம் வயிற்றுக்கும் மார்புக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பி ஒரு நாடே இறங்கிப் பார்த்தது. அந்த அனுபவம் விழிப்புணர்வுப் பேச்சுகளில் வருவதில்லை.

ஜப்பான் நடத்திய பரிசோதனை

நியூரோபிளாஸ்டோமா என்பது அட்ரினல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலோ தோன்றும் கட்டி. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இந்தக் கட்டி கேட்டகோலமைன் வகை ரசாயனங்களைச் சுரக்கும். அவை சிதைந்து வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற இரண்டு பொருட்களாகச் சிறுநீரில் வெளியேறும். ஊசி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், சிறுநீரைப் பார்த்தே கட்டியைச் சொல்லிவிடலாம். கூடவே இன்னொரு உண்மையும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு வயதுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். அதற்கு மேல் வயதாகி, எலும்பு மஜ்ஜை வரை பரவிய நிலையில் வந்தவர்கள் பெரும்பாலும் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளின் சிறுநீரையும் சோதித்துவிட்டால், பெரிய வயதில் பரவி வருபவர்களை முன்கூட்டியே பிடித்துவிடலாமே.

1970-களில் கியோட்டோவில் தொடங்கியது. 1985-ல் நாடு முழுவதும் பரவியது. ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் நனைத்துக் காயவைத்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடுவார் தாய். ஆய்வகம் அளந்து சொல்லும். ஏற்பாடு என்ற அளவில் அப்பழுக்கில்லாதது. பலனும் பிரமாதமாகத் தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளின் எண்ணிக்கை கூடியது, சோதனையில் பிடிபட்ட குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்தார்கள். புள்ளிவிவரத்தை இதோடு நிறுத்தியிருந்தால் இன்று உலகம் முழுவதும் அந்த வடிதாள் உறை போய்க்கொண்டிருக்கும்.

உறுத்தியது வேறொரு எண். சோதனையால் ஆறு மாதத்திலேயே பிடித்துவிட்டால், மூன்று வயதில் பரவிய நோயோடு வருபவர்கள் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். எதிர்பார்த்தபடி குறையவில்லை. இதைச் சரிபார்க்க இரண்டு இடங்களில் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1989 முதல் 1994 வரை பிறந்த குழந்தைகளை மூன்றாம் வாரமும் ஆறாம் மாதமும் சோதித்தார்கள். ஜெர்மனியில் 16 மாநிலங்களில் 6-ஐத் தேர்ந்து, சுமார் 15 லட்சம் குழந்தைகளை ஒரு வயதை ஒட்டிச் சோதித்தார்கள். மற்ற மாநிலங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு முடிவுகளும் 2002-ல் ஒன்றாக வெளிவந்தன. ஜெர்மனியில் சோதனை 149 குழந்தைகளிடம் கட்டியைக் கண்டுபிடித்தது. அவர்களில் 3 பேர் இறந்தார்கள். சோதனையில் 'ஒன்றுமில்லை' என்று வந்து பின்னால் நோய் வந்தவர்கள் 55 பேர், அதில் இறந்தவர்கள் 14 பேர். இறப்பு விகிதம் சோதித்த மாநிலங்களில் லட்சத்துக்கு 1.3, சோதிக்காத மாநிலங்களில் 1.2. ஆக, சோதனை பிடித்ததெல்லாம் பெரும்பாலும் சாது. கொல்லக்கூடியது அதன் கையில் சிக்காமல் போயிருந்தது. ஜப்பான் 2004-ல் திட்டத்தை நிறுத்தியது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் 2008-ல் பழைய தரவுகளை மறுபடி அலசி, சோதனைக் காலத்தில் இறப்பு குறைந்தே இருந்தது என்று வாதிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அது முன்காலத்தையும் பின்காலத்தையும் ஒப்பிட்ட கணக்கு. அதே வருடங்களில் சிகிச்சையும் மேம்பட்டுக்கொண்டிருந்தது. ஒரே காலத்தில் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்த ஜெர்மானியக் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

இதில் என்னைக் குடைவது, விடையின் பாதி 1963-லேயே கையில் இருந்தது என்பதுதான். வேறு காரணங்களால் இறந்த கைக்குழந்தைகளின் அட்ரினல் சுரப்பியைச் சீவிப் பார்த்த பெக்வித், பெரின் என்ற இருவர், நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அளவுக்கு நியூரோபிளாஸ்டோமா போன்ற திட்டுகள் அங்கே இருப்பதைக் கண்டு எழுதினார்கள். நோயாக வெளிப்படும் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகமாக அவை இருந்தன. அப்படியென்றால் மீதமெல்லாம் எங்கே போகின்றன? தானாகவே அடங்கிப்போகின்றன. நோய் ஒன்றல்ல, இரண்டு என்பது 1980-களில் மரபணு வழியாகத் தெளிவானது. ஒரு வகையில் குரோமோசோம்கள் முழுமுழுதாக எண்ணிக்கையில் கூடி, ஏறக்குறைய மும்மடங்காக இருக்கும். இது கைக்குழந்தைகளின் கட்டி, பல நேரம் தானே சுருங்கும். இன்னொரு வகையில் எண்ணிக்கை இயல்பை ஒட்டியே இருக்கும், ஆனால் குரோமோசோம் துண்டுகள் உடைந்திருக்கும். முதலாம் குரோமோசோமின் குறுங்கை காணாமல் போயிருக்கும், அல்லது எம்.ஒய்.சி.என். என்ற மரபணு பத்து, ஐம்பது, நூறு என்று பிரதி எடுத்துக் குவிந்திருக்கும். முதல் வகை காத்திருந்தால் இரண்டாவதாக மாறுவது வழக்கமில்லை. ஆறு மாதத்தில் வடிதாளில் பிடிபட்டது பெரும்பாலும் முதலாவது. அந்தக் குழந்தைகளில் பலரை வெட்டித் திறந்தார்கள், சிலருக்குக் கீமோவும் கொடுத்தார்கள்.

அந்தப் பாடத்தின் நேரடி விளைவு இன்று நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் அட்ரினலில் ஸ்கேனில் கட்டி தெரிகிறது, திடக் கட்டியாக இருந்தால் 3.1 செ.மீ.க்குள், நீர்க்கட்டி போல இருந்தால் 5 செ.மீ.க்குள், வேறெங்கும் பரவவில்லை என்றால், பயாப்சிகூட (திசுத் துண்டு எடுத்துப் பார்ப்பது) எடுக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம். குறிப்பிட்ட இடைவெளியில் அல்ட்ராசவுண்டும், சிறுநீரில் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. சோதனையும் போதும். கட்டியின் கன அளவு 50 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ, சிறுநீர் அளவுகள் அதேபோல ஏறினாலோ மட்டும் அறுவை. அமெரிக்காவில் இப்படிக் கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தில் நான்கு குழந்தைகளுக்குக் கத்தியே படவில்லை, மூன்று வருட முடிவில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். "கட்டி இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யப்போவதில்லை" என்று பெற்றோரிடம் சொல்லிப் புரியவைப்பது அறுவையைவிடக் கடினம் என்பது தனிக் கதை.

எல்லாமே நீல உருண்டைகள்

சீக்கிரம் என்பதற்கு மேலாக எந்தக் கட்டி என்பதுதான் கேள்வி என்றால், சுமை திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜி மேசைக்கு நகர்கிறது. பெரியவர்களின் புற்றுகள் பெரும்பாலும் பிறந்த வீட்டைக் காட்டிக்கொடுக்கும். குடல் புற்று சுரப்பி மாதிரி வளையமாக அடுக்கும், தோல் புற்று கெரட்டின் செய்யும். குழந்தைக் கட்டிகள் முதிராத அணுக்கள். வழக்கமான சாயம் போட்டுப் பார்த்தால் சின்னச் சின்ன நீல உருண்டைகள், உட்கரு மட்டும்தான், சுற்றிச் சதை என்று எதுவும் இல்லை. நியூரோபிளாஸ்டோமா, பெரும்பாலும் எலும்பில் வரும் யூவிங் சார்கோமா, தசை வகையான ராப்டோமயோசார்கோமா, நிணநீர் அணுக்களின் லிம்போமா, சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியின் ஒரு பகுதி, எல்லாமே இப்படித்தான் தெரியும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு உதவாது. லிம்போபிளாஸ்டிக் லிம்போமா என்றால் ரத்தப் புற்றுபோல இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து, கத்தி தேவையில்லை. யூவிங் என்றால் வேறு கீமோ, பிறகு அறுவையோ கதிர்வீச்சோ.

பிரித்துச் சொல்ல ஆன்டிபாடிச் சாயங்கள் உண்டு, குறிப்பிட்ட புரதம் இருக்கும் அணுவில் மட்டும் பழுப்பாக ஏறும். அவற்றை ஒன்றிரண்டு மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்வதுதான் ஆபத்து. சி.டி.99 யூவிங்கில் அணுவின் விளிம்பை வளையமாகப் பழுப்பாக்கும். ஆனால் லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் அப்படியே பழுப்பாக்கும். அது லிம்போமாதானா என்று பார்க்கப் போடும் சி.டி.45, சரியாக இந்த லிம்போமாவில்தான் சில நேரம் ஏறாமல் போகும். இந்த இரண்டை மட்டும் போடும் ஆய்வகத்தில் லிம்போமாவுக்கு யூவிங் என்று அறிக்கை வந்துவிடும். டி.டி.டி. என்ற மூன்றாவது சாயம் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். டெஸ்மின் ஏறினால் ராப்டோ என்று எழுதத் தோன்றும். வில்ம்ஸ் கட்டியின் முதிராத பகுதியிலும் டெஸ்மின் ஏறும். மயோஜெனின் உட்கருவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. நியூரோபிளாஸ்டோமாவுக்கு ஃபாக்ஸ்2பி நம்பகமானது.

ஐ.என்.ஐ.1 என்றொரு சாயம் தலைகீழ் வகை. ராப்டாய்டு கட்டி என்ற இன்னொரு குழந்தைப் புற்றில் அது ஏறாமல் இருப்பதுதான் நோயின் அடையாளம். ஏறாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, திசு சரியாகப் பதப்படாமல் சோதனையே தோற்றிருக்கலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கட்டியை அல்ல, அதே ஸ்லைடில் ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவரையும் அங்கங்கே கிடக்கும் லிம்போசைட்டுகளையும். அவற்றின் உட்கரு பழுப்பாக இருந்து கட்டியின் உட்கரு மட்டும் நீலமாக நின்றால்தான் விடை செல்லும். எல்லாமே நீலம் என்றால் அந்த ஸ்லைடைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

மரபணுச் சோதனையிலும் இதே பொறி. யூவிங்கில் 22-ஆம் குரோமோசோமில் உள்ள இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 மரபணு உடைந்து, பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமின் எஃப்.எல்.ஐ.1-உடன் ஒட்டிக்கொள்ளும். ஃபிஷ் சோதனையில் மரபணுவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை என இரு நிற ஒளிப்பொட்டுகள் வைப்பார்கள். உடையாவிட்டால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும், உடைந்தால் விலகி நிற்கும். விலகி நின்றது, ஆகவே யூவிங் என்று முடித்துவிடுகிறார்கள். உடைந்தது என்று மட்டும்தான் அது சொல்லும், யாரோடு ஒட்டியது என்று சொல்லாது. அதே மரபணு டபிள்யூ.டி.1-உடன் ஒட்டினால் அது டெஸ்மோபிளாஸ்டிக் கட்டி. பதின்வயதுப் பையனின் வயிற்றுக்குள் வரும், யூவிங்கைவிட மோசமாகப் போகும். வயிற்றுக்கட்டி என்றால் ஆர்.என்.ஏ. சோதனை செய்து துணை மரபணுவையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாட்டிலுக்குள் போவதற்கு முன்னும் பின்னும்

இவ்வளவும் திசு ஒழுங்காக வந்து சேர்ந்தால். பிசகு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். முதல் குற்றவாளி ஸ்டீராய்டு. இதற்கு முன் இளைப்பே வராத எட்டு வயதுக் குழந்தைக்குத் திடீரென்று இளைப்பு, இரவில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது, காலையில் முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஆஸ்துமா என்று ஒரு வாரம் பிரெட்னிசலோன் சிரப் எழுதப்படுகிறது. குழந்தை இரண்டே நாளில் தெளிந்துவிடும். அந்தத் தெளிவுதான் கெடுதல். மார்பின் நடுவில் உட்கார்ந்திருந்த டி-லிம்போபிளாஸ்டிக் கட்டியை ஸ்டீராய்டு கரைத்திருக்கும். திரும்ப வளர்ந்து பயாப்சி எடுக்கும்போது செத்த அணுக்கள்தான் ஊசியில் வரும். கரையும் வேகத்தில் யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ஏறிச் சிறுநீரகம் நிற்கலாம். முதல் இளைப்பு, படுக்க முடியவில்லை, கழுத்து நரம்பு புடைக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் ஸ்டீராய்டுக்கு முன் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். மூட்டுவலிக்கும் இதே விதி. மூட்டில் வீக்கம் கொஞ்சம்தான், வலியோ இரவில் எழுப்பும் அளவுக்கு, கூடவே பிளேட்லெட் குறைந்துகொண்டு வருகிறது என்றால் வாதம் என்று ஸ்டீராய்டு தொடங்கும் முன் ரத்த ஸ்மியரை (ஸ்லைடில் தேய்த்த ரத்தத்தை) ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் எலும்பு மஜ்ஜையையும்.

எக்ஸ்ரேயில் மார்புக் கட்டி தெரிந்துவிட்டது என்றால் அடுத்த அவசரமும் ஆபத்தானது. பயாப்சிக்காக மயக்கம் கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்தால் கட்டி மூச்சுக்குழலை அமுக்கி மேசையிலேயே உயிர் போகலாம். எங்கே எளிதாகக் கிடைக்கும் என்று முதலில் தேட வேண்டும். ரத்தத்திலேயே அந்த அணுக்கள் சுற்றுகின்றனவா? நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இருந்தால் குழந்தையை உட்காரவைத்து, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில மில்லி நீரை எடுத்து, அணுக்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு வகை சொல்லும் ஃபுளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்பினால் அன்றே நோயின் பெயர் வந்துவிடும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் அந்தச் சோதனை நடக்காது. எதற்கும் வழியில்லை, மூச்சு நிற்கப்போகிறது என்றால் ஸ்டீராய்டு கொடுத்து உயிரைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் பயாப்சி எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, டி.பி. மாத்திரை. கழுத்தில் நெறி கட்டினால் நம் நாட்டில் முதலில் டி.பி. நினைவுக்கு வருவது நியாயம்தான். ஊசி குத்தி எஃப்.என்.ஏ.சி. எடுத்து, கிரானுலோமா (டி.பி.யில் வழக்கமாகத் தெரியும் அணுத் திரட்டு) என்று வந்தால் ஆறு மாத மருந்து. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் நோயைக் காட்டும் பெரிய அணு நூற்றில் ஒன்று இருந்தாலே அதிகம், மற்றதெல்லாம் கூட்டத்துக்கு வந்த சாதாரண அணுக்கள். ஊசியில் அந்த ஒன்று வராமல் போக எல்லா வாய்ப்பும் உண்டு. போதாக்குறைக்கு ஹாட்ஜ்கினிலும் கிரானுலோமா வரும். இரண்டு செ.மீ.க்கு மேல் பெரியது, வலியில்லாதது, நான்கு வாரத்தில் சுருங்காதது, காறை எலும்புக்கு மேல் இருப்பது என்றால் நெறியை முழுதாக எடுப்பதே சரி. எட்டுவதற்கு எளிதாக இருக்கிறது என்று தொடை இடுக்கில் உள்ள சின்னதை எடுக்காமல், இருப்பதிலேயே பெரியதை எடுக்க வேண்டும். எடுத்த உடனே ஒரு துண்டை வெட்டி சலைனில் போட்டு ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) அனுப்பிவிட்டு மீதியை ஃபார்மலினில் போட்டால் டி.பி. கேள்விக்கும் விடை கிடைக்கும். முழுசையும் ஃபார்மலினில் முக்கிவிட்டால் கல்ச்சர் கைவிட்டுப் போயிற்று.

பாட்டில் விஷயத்துக்கு வருவோம். தேவை 10 சதவீத ஃபார்மலின், பாஸ்பேட் சேர்த்து நடுநிலை ஆக்கியது. டிரம்மில் வரும் கரைசலை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர் ஊற்றிக் கலக்கி அந்த பாஸ்பேட் பஃபர் சேர்க்காமல் வைத்தால், நாள்பட அமிலமாகித் திசுவில் கரும்பழுப்புப் பொடி படியும், டி.என்.ஏ. துண்டுதுண்டாகும். திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு திரவம், வாய் அகன்ற பாட்டில். ஃபார்மலின் உள்ளே ஊடுருவுவது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சனிக்கிழமை மாலை எடுத்த வில்ம்ஸ் சிறுநீரகத்தை முழுசாக ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை திறந்தால் மேலே பதமாகவும் நடுவில் கூழாகவும் இருக்கும். அதற்காக அறுவை அரங்கிலேயே சர்ஜன் வெட்டிப் பிளப்பதும் தப்பு. உறை எங்கே இருந்தது, கட்டி அதைத் தாண்டியதா என்பது தெரியாமல் போய் நோய்நிலையே தவறிவிடும். ஈரமாக உடனே பேத்தாலஜிக்கு அனுப்ப வேண்டும். அங்கே வெளிப்புறம் மை தடவி, பிறகு பிளந்து, புதுத் திசுவில் சிறு துண்டை உறையவைத்துவிட்டு, மீதிக்கு ஃபார்மலின்.

ஊசி பயாப்சி என்றால் 16 கேஜோ அதைவிடத் தடித்ததோ, ஒரு இழை போதாது, பல இழைகள். முதல் இழையை ஸ்லைடில் மெல்ல உருட்டி ஒற்றி எடுத்தால் அங்கேயே ஒருவர் பார்த்து 'உயிருள்ள கட்டிதான், மேலே எடுங்கள்' என்று சொல்லலாம். ஒற்றிய ஸ்லைடுகளையும் திறந்த ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பையில் போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கும் சிறு தப்பு. ஃபார்மலின் ஆவி பட்ட ஸ்மியரில் ஜீம்சா சாயம் மங்கி, அணுவின் உள்விவரம் போய்விடும். இரண்டு பை, இரண்டு பயணம். எலும்புத் துண்டு வந்தால் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்குவது பழைய பழக்கம், அதில் மரபணுச் சோதனை செத்துவிடும். மென்மையான பகுதியைத் தனியாகப் பிரித்து அமிலம் படாமல் வைக்க வேண்டும், கெட்டியானதற்குச் சுண்ணாம்பை மெல்ல இழுக்கும் இ.டி.டி.ஏ. கரைசல், பொறுமை வேண்டும்.

குத்தவே கூடாத இடங்களும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைப் புற்றைக் குத்தினால் அது வெளியே விதைக்கப்பட்டுவிடும். மயக்கத்தில் பார்ப்பது, சுண்ணாம்புப் படிவைக் காட்டும் அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ., இவற்றை வைத்தே சிகிச்சை தொடங்கும். சிறுநீரகக் கட்டியில் இரண்டு மரபுகள். ஐரோப்பியர் படத்தைப் பார்த்தே வில்ம்ஸ் என்று முடிவு செய்து நான்கு வாரம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் கொடுத்துச் சுருக்கிப் பிறகு எடுப்பார்கள். அமெரிக்கர் முதலிலேயே எடுப்பார்கள். அவர்கள் முறையில் முன்னதாகப் பயாப்சி எடுத்தாலே மூன்றாம் நிலை என்று கணக்காகி வயிற்றுக்குக் கதிர்வீச்சு வந்து சேரும். நியூரோவா வில்ம்ஸா என்பதை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் சொல்லிவிடும். ரத்தக்குழாயைக் கட்டிப்பிடித்து நடுக்கோட்டைத் தாண்டி, உள்ளே சுண்ணாம்புத் தூள் இருந்தால் நியூரோ. சிறுநீரகத்துக்குள்ளிருந்தே கிளம்பி, மீதிச் சிறுநீரகம் நண்டுக் கொடுக்கு மாதிரி அதைப் பற்றியிருந்தால் வில்ம்ஸ். நியூரோ என்று எம்.ஐ.பி.ஜி. ஸ்கேனுக்கு (கட்டியில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்தைப் படம் பிடிப்பது) அனுப்பும்போது, குழந்தைக்குச் சளி சிரப் ஏதாவது போகிறதா என்று கேட்க வேண்டும். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் ஸ்கேன் மருந்து கட்டியில் ஏறாமல், நோயில்லை என்று பொய் சொல்லும்.

ஒன்றரை மணி நேரத்தில் பெயர்

இந்தப் பத்து வருடத்தில் உண்மையாகவே திருப்பிப்போட்டது மெத்திலேஷன். டி.என்.ஏ.யின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளின் அமைப்பு, அணு எங்கே பிறந்தது என்பதை மறப்பதில்லை. ஹைடெல்பர்க் குழு சுமார் 2,800 மூளைக்கட்டிகளின் குறிகளைத் தொகுத்து, புதுக் கட்டி எந்தக் கூட்டத்தில் சேர்கிறது என்று கணினி சொல்லும்படி செய்து 2018-ல் வெளியிட்டது. நடைமுறையில் வைத்துப் பார்த்தபோது நூற்றில் 12 பேருக்கு வரை நோயின் பெயரே மாறியது. மூளையில் பி.என்.இ.டி. என்று ஒரு பெயர் இருந்தது. என்னவென்று தெரியாத நீல உருண்டைகளை எல்லாம் அதில் கொட்டிவைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் வேறு வேறு நோய்கள், 2016 வகைப்பாட்டில் அந்தப் பெயரே எடுக்கப்பட்டது. நெதர்லாந்தில் 2023-ல் இதையே டி.என்.ஏ.யை உடனுக்குடன் படிக்கும் நானோபோர் கருவியில் வைத்து, மண்டை திறந்திருக்கும்போதே சோதித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள், 25 அறுவைகளில் 18-க்கு விடை வந்தது. மீதி 7-ல் 'போதுமான உறுதி இல்லை' என்று கருவி ஒதுங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்தது அந்த ஏழுதான்.

எல்லோருக்கும் அந்தக் கருவி வேண்டும் என்பதில்லை. மும்பை ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையத்தில், சிறுமூளைக் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு பிரிவுகளையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை ரியல்டைம் பி.சி.ஆரில் அளந்து பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள், மெழுகில் பதித்த திசுவிலேயே அது ஓடும். கைக்குழந்தையின் காலில் வரும் ஃபைப்ரோசார்கோமாவில் என்.டி.ஆர்.கே. இணைவு இருக்கிறதா என்று ஒரு ஆன்டிபாடிச் சாயத்தில் சல்லடை போட்டு, ஏறினால் மரபணுவில் உறுதி செய்துகொள்ளலாம். இருந்தால் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து கட்டியைச் சுருக்கிக் காலைக் காப்பாற்றித் தரக்கூடும். 2018-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து அது.

இவை எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், முதல் பயாப்சியின் மெழுகு பிளாக். மருத்துவமனை மாறும்போது பெற்றோர் கையில் அறிக்கைத் தாளும் ஃபிலிமும் மட்டும் இருக்கும். பிளாக் பழைய இடத்தின் அலமாரியில் கிடக்கும். இரண்டாம் கருத்துக்குப் போகிறவர்கள் பிளாக், சாயமிட்ட ஸ்லைடுகள், டைகாம் (ஸ்கேன் படங்களின் முழுக் கணினி வடிவம்) கோப்பாக ஸ்கேன் பதிந்த குறுந்தகடு மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிளாக் அறை வெப்பத்தில் வருடக்கணக்கில் கெடாது, வெயில் படும் காரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. ஊசி இழைபோன்ற சின்னத் திசு என்றால் ஆய்வகத்துக்கு இன்னொரு வேலை உண்டு. ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மாட்டி மட்டம் செய்யும்போதும் திசு கொஞ்சம் சீவிப்போகும். இன்றைக்கு இரண்டு சாயம், அடுத்த வாரம் நான்கு என்று தவணையில் வெட்டினால் மூன்றாம் தவணைக்கு மெழுகுதான் மிஞ்சும். முதல் முறையே பதினைந்து இருபது சாயமிடாத ஸ்லைடுகளை ஒரே ஓட்டத்தில் வெட்டி, எண் போட்டு, பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு முதல் சாயத்தைத் தொடங்கலாம்.